என் தொண்டைக்குப் பார்த்த வைத்தியம்

எனக்குத் தொண்டை வலி வந்தது மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. பெரிதாக ஒன்றுமில்லை, பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற சேமியா ஐஸ் பழிவாங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொண்டைக்காக நான் ஏறக்குறைய ஒரு வருடம் டாக்டரிடம் போய்வந்தேன். எங்கள் ஊரான சோமனூரில் அத்தனை கௌரவமாக வைத்தியம் பார்க்கப்பட்ட தொண்டை வேறு இருந்திருக்காது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். விசைத்தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். அந்த வருடம் என்னவோ பேச்சைக் குறைத்துக்கொண்டார். வேலைக்குக் கூப்பிட்டு போன் வந்தால் எடுக்கமாட்டார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். முதுகு வலி என்பார், நெஞ்சை அடைக்கிறது என்பார். கோயம்புத்தூர் வரை போய் ஸ்கேன் எடுத்தும் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் வைத்தியப் பொறுப்பு உறவினர்கள் கைக்கு வந்தது. பெரியப்பா வாயு என்றார். அத்தை கண் திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னபோது, அம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே அந்த மருந்தின் பலன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கடைவீதிக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவிடம்தான் எங்கள் தெருவே போகும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தேள்கடியோ, எதுவானாலும் அவர்தான். எனக்குத் தொண்டை வலித்த அன்று அம்மாவுக்கு வேலை இருந்ததால் மாமா என்னை மொபெட்டில் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா என் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, மாமாவைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கறனுங்க."

நான் இல்லையென்று தலையாட்டினேன். விடிவதற்கு முன்பே அவர் மொட்டைமாடியில் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

"சாப்பாடெல்லாம்?"

"அதெல்லாம் சாப்பிடறனுங்க."

மறுபடியும் ஆட்டினேன். தெர்மாமீட்டரும் சேர்ந்து ஆடியது.

"பாப்பா வேற சொல்றாளே," என்றார் டாக்டரம்மா. "முன்னெல்லாம் சிரிச்சுட்டே வருவீங்க. இப்ப எதுலயாவது சந்தோசம் இருக்குதுங்களா?"

மாமா குனிந்து மொபெட் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். இந்த முறை நான் தலையாட்டவில்லை, அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் ஆட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"நீ வெளிய நர்ஸ் அக்காகிட்டப் போயி எடை பாரு கண்ணு," என்று டாக்டரம்மா என்னை அனுப்பிவிட்டார்.

செருப்போடு எடை பார்த்தேன். செருப்பில்லாமல் பார்த்தேன். ஒற்றைக்காலில் நின்றும் பார்த்தாயிற்று. மாமா வரவில்லை. நோயாளி நானிருக்க, உள்ளே அவருக்கு என்ன வேலை? கடைசியில் அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது: என் தொண்டையில் வந்திருப்பது லேசான வியாதியல்ல. அன்று சாயங்காலமே என் கலர் பென்சில்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் உடம்பு தேவலை என்று பட்டதால் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை மாமா எனக்குச் சொன்னது, நான் காலேஜ் முடித்த பிறகு.

"செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுங்களான்னு நேராக் கேட்டுப்போட்டாங்க கண்ணு. அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. ஆமாங்கன்னு சொல்லி அழுதுபோட்டேன்."

டாக்டரம்மா பதறவில்லையாம். "இது சோம்பலும் இல்லீங்க, கோழைத்தனமும் இல்லீங்க. சக்கரை, பிரசர் மாதிரி மனச்சோர்வும் ஒரு நோவு. மாத்திரை இருக்குது, பேசறதுக்கு நான் இருக்கறேன்," என்றாராம். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு, தம்பியைத் தனியாக விடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மாமா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். அடிக்கடி அங்கே வந்தால் ஊர் என்ன ஏதென்று கேட்குமே என்பது ஒன்றுதான் தயக்கம். அதற்கு வழியும் அவரே கண்டுபிடித்தார். "பாப்பாவக் கூட்டிட்டு வாரனுங்க."

அப்படித்தான் என் தொண்டை நாள்பட்ட தொண்டையானது. போகும்போதெல்லாம் டாக்டரம்மா டார்ச் அடித்து அதை ஒரு கணம் மரியாதையாகப் பார்ப்பார். பிறகு நான் வெளியே எடை பார்க்கப் போய்விடுவேன். வழியில் யாராவது விசாரித்தால் மாமா, "புள்ளைக்குத் தொண்டைங்க," என்பார். யாரும் சொல்லித்தராமலே நான் இருமுவேன். தெருவில் என்மேல் பொழிந்த இரக்கத்துக்கு அளவில்லை. பால்கோவாகூட வந்தது.

மாத்திரை உடனே வேலை செய்துவிடவில்லை. முதலில் சில வாரங்கள் மாமா அப்படியேதான் இருந்தார். பிறகு போனை எடுக்கத் தொடங்கினார். ஒருநாள் சவரம் செய்துகொண்டு தறிக்குடோனுக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் ஊற்றியதைக் குனிந்து பார்த்து, "ஏக்கா, இது ரசமா, குழாத் தண்ணியா?" என்றார்.

அம்மா கரண்டியோடு சமையலறைக்குள் ஓடினாள். எட்டிப் பார்த்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பிவந்து, "அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க மாமா," என்றேன். அதற்குள் அம்மாவே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு குத்தம் சொல்லுடா சாமி," என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் சொன்னார். இரண்டல்ல, கூட்டு, பொரியல், அப்பளம் என்று வரிசையாகச் சொன்னார். அப்பா சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட ஆள் வேண்டியிருந்தது.

அடுத்த கோடை விடுமுறையில் ஒருநாள் டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு, "மாத்திரை நிறுத்தியாச்சு. இனி அடிக்கடி வரவேண்டியதில்லைங்க. மறுபடி ஏதாச்சும் இருந்தா மட்டும், வெக்கப்படாம வாங்க," என்றார்.

நான் மாத்திரையே சாப்பிட்டதில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றமாக இருந்தது. "இன்னொருக்கா நல்லாப் பாருங்க," என்று வாயை அகலமாகத் திறந்து காட்டினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் அக்கா கதவைத் திறந்து பார்த்தார்.

வெளியே காத்திருந்த எங்கள் தெரு மளிகைக்கடைக்கார அம்மா கேட்டார்: "ஏனுங்க தம்பி, பாப்பாவுக்குச் சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க," என்றார் மாமா. "பெரிய கண்டமுங்க. தாண்டி வந்தாச்சு."

அந்த அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பக்கத்தில் மாமா சிரித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய கண்டத்தைத் தாண்டியவள் என்ற முறையில், எனக்குச் சேரவேண்டிய பாராட்டு என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன்.