லிட்டருக்குப் பதிமூன்று புள்ளி எட்டு

பெட்ரோல் குழாய் தானாக நின்ற மறுகணம் அவர் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். இன்னும் இரண்டு அழுத்து அழுத்தி ரூபாயை முழுசாக்கிவிடலாமே என்று பங்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது கேட்டால், "நின்னா நின்னதுதாம்மா. போதும்னு வண்டியே சொல்லிடுச்சு, நாம ஏன் ஊட்டி விடணும்?" என்பார். எப்போதும் அதே பங்க், அதே இரண்டாம் எண் குழாய், தரை சாயாமல் இருக்கும் அதே இடம், காலை ஆறரைக்குள். பிறகு உள்ளே உட்கார்ந்து ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டை எடுத்து, உதடு அசைய மனக்கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதுவார்.

மருத்துவமனையின் ஓட்டுநர் அறையில் அவருக்கு லிட்டர்காரர் என்று பெயர். முப்பத்தோரு வருடமாக வண்டி ஓட்டுகிறார். கடைசி ஆறு வருடமாக டாக்டரம்மாவின் சாம்பல் நிறக் கார். வெளியிலிருந்து பார்த்தால் கைக்கடக்கமாகத்தான் இருக்கும். உள்ளே தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். "ஆளு குட்டை, கௌரவம் நெட்டை" என்று அதை அறிமுகப்படுத்துவார். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "அது ரோடும் இல்லாம சிக்னலும் இல்லாம ரூமுக்குள்ள ஓட்டிப் பாத்த பதினெட்டு." வண்டியின் திரை பதினைந்து என்று காட்டும். அதையும் நம்பமாட்டார். "பரீட்சை எழுதிட்டு வந்து பையன் சொல்ற மார்க்கு அது. பேப்பர் திருத்தின பிறகு பாக்கலாம்." அவர் நம்பியது, நிரப்பிய லிட்டரை ஓடிய தூரத்தோடு வைத்துப் பார்த்து அவரே கண்ட எண்ணை மட்டும்தான். பதிமூன்று புள்ளி எட்டு.

அந்த எண்ணுக்காக அவர் உடம்பே பழகியிருந்தது. பெடலின் நாடி தெரியவேண்டும் என்று அடி மெலிந்த செருப்புதான் போடுவார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவார், வண்டி தானாக ஊர்ந்து போய்க் கோட்டில் நிற்கும். பின்னால் ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வீட்டில் தையல் மெஷினே கதியாக இருக்கும் அவர் மனைவி, கல்யாண நாளைக் கேட்டால் முழிப்பார், போன தடவை டேங்க் நிரப்பிய தேதியைக் கேட்டால் கிழமையோடு சொல்வார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டரம்மா வயிற்று அறுவை சிகிச்சை நிபுணர். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. மகளும் மருமகனும் வீட்டின் மேல்தளத்தில் இருந்தார்கள். டாக்டரம்மா அளந்துதான் பேசுவார். ஆனால் டேங்க் நிரப்பிய நாளன்று பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் கேட்பார், "எவ்வளவு?" இவர், "பதிமூணு எட்டும்மா" என்பார். "நல்லது" என்பார் அவர். ஆறு வருடத்தில் தவறாமல் நடந்த பேச்சு அது ஒன்றுதான். ஒருமுறை பதினான்கைத் தாண்டியபோது டாக்டரம்மா கையிலிருந்த ஃபைலை மடியில் வைத்துவிட்டு, "அப்படியா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

பிறகு எண் இறங்கத் தொடங்கியது. முதலில் பன்னிரண்டு புள்ளி ஒன்று. அதைச் சொன்ன அன்று டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முறை அவர் கேட்கவில்லை. பத்து புள்ளி ஒன்பது. அப்புறம் ஒன்பது புள்ளி ஆறு. இரண்டு வாரத்துக்கு இருபத்தாறு லிட்டர் குடித்துக்கொண்டிருந்த வண்டி முப்பத்தேழரை குடித்தது, ஓடியது மட்டும் அதே முந்நூற்று அறுபது கிலோமீட்டர்.

லிட்டர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டயர் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார். பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தார். ஒர்க்ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். கடைசியில் எப்போதும் அலட்சியப்படுத்துகிற அந்தத் திரையையே தட்டித் தட்டிப் பார்த்தார். சராசரி வேகம் என்று ஒரு கட்டம் இருந்தது. மணிக்கு இருபத்துநாலு கிலோமீட்டராக இருந்தது பதிமூன்றாகியிருந்தது. பத்து விநாடி உதடு அசைந்தது. தினம் ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

மூன்று மாதமாக டாக்டரம்மா மருத்துவமனையில் இறங்கும்போது சாவியை வாங்கிக்கொண்டிருந்தார். காரில் சில பேப்பர் இருக்கிறது, நடுவில் எடுத்துக்கொள்வேன் என்று காரணம் சொல்லியிருந்தார். வண்டியைப் பின்பக்க மைதானத்திலேயே நிறுத்தச் சொல்வார். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு லிட்டர்காரர் அங்கே போனார். ஜெனரேட்டர் அறைச் சுவருக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில், மதிலைப் பார்த்தபடி கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசித் தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது.

பின் இருக்கையில் டாக்டரம்மா இருந்தார். முன் இருக்கையின் தலைச்சாய்ப்புக் கம்பியில் கறுப்பு நூலைக் கட்டி, அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றைத் தைக்கும்போது போடுகிற முடிச்சு. வலது கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டை ஒரு முறை இறுகப் பிடித்துவிட்டு மறுபடி நூலை எடுத்தார். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை இறுக்கும்போது விரல் உதறி, முடிச்சு அவிழ்ந்து நூல் மடியில் விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லிட்டர்காரர் சத்தம் வராமல் பின்னடி வைத்து நடந்தார்.

அந்தக் கையோடு ஆட்களைக் கிழிக்கிறாரா என்ற பயம் அன்று முழுக்க அவரை அரித்தது. ஆபரேஷன் தியேட்டர் ஊழியர் ஒருவர் டீ குடிக்க வந்தபோது, டாக்டரம்மாவுக்கு வேலை எப்படிப் போகிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தார். முதுகுவலி என்று சொல்லி மூன்று மாதமாக அவர் ஒரு கேஸ்கூட எடுக்கவில்லை, சின்ன டாக்டர்கள்தான் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. லிட்டர்காரருக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் அது அவருக்கும் அவர் கைக்கும் நடுவில் நடக்கிற வழக்கு. நமக்கென்ன அங்கே வேலை என்று முடிவு செய்துகொண்டார்.

ஆனால் பெட்ரோல் ரசீதுகளைப் பார்ப்பவர் மருமகன். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் ரசீதுக் கட்டோடு வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"கம்பெனி பதினெட்டுன்னு போட்டிருக்கான். நீங்க பதிமூணுன்னு சொன்னீங்க, சரின்னு விட்டோம். இப்ப ஒம்போதரை. ரெண்டு வாரத்துல பதினோரு லிட்டர் எங்க போகுது?"

ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். சராசரி வேகக் கட்டத்தைத் தட்டிக் காட்டினாலே போதும். லிட்டர்காரர் துணியைப் பிழிந்தார்.

"என் கால் கனமாயிடுச்சு சார். வயசாகுதில்ல."

முப்பத்தோரு வருடத்தில் மைலேஜ் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. சண்டைக்குத் தயாராக வந்திருந்த மருமகனுக்கே அது என்னவோ போலிருந்தது. திருட்டு என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் இந்த மாதத்தோடு வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி ஓட்டுநர் அறைக்கு எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ. லிட்டர்காரர் லிட்டரையே விழுங்கிவிட்டார் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அதிகம் சுட்டது. வீட்டில் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, நீங்கள் எடுத்தீர்களா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். இல்லை என்றார். எங்கே போகிறதென்று தெரியுமா என்றாள். அவர் தட்டின் விளிம்பைத் துடைத்தார். "சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. முடியாதுன்னா தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்க. ரெண்டும் பண்ணாம உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?" அவர் சாப்பிட்டார்.

புதன்கிழமை, மருத்துவமனைக்குப் பாதி வழியில், பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"உங்க கால் கனமாயிடுச்சாமே?"

"ஆமாங்கம்மா."

"ஆறு வருஷமா பின்னாடி உக்காந்து வரேன். உங்க கால் எனக்குத் தெரியாதா?"

ஒரு சிக்னல் வந்தது, நின்றார்கள், கிளம்பினார்கள்.

"எப்ப பாத்தீங்க?"

"போன மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வண்டிக்குத் தெரியும்மா. வேற யாருக்கும் தெரியாது."

கொஞ்ச தூரம் போனபின், நோயாளி டாக்டரிடம் கேட்கிற குரலில் டாக்டரம்மா கேட்டார். "அன்னைக்கு முடிச்சு எப்படி இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட லிட்டர்காரருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கேட்டவர் ஆறு வருடமாக அவரிடம் நிஜ எண்ணை மட்டுமே கேட்டு வந்தவர்.

"நான் பாத்த வரைக்கும் மூணு போட்டீங்கம்மா. ஒண்ணு அவிழ்ந்துடுச்சு."

"மூணுல ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. அன்று இறங்கும்போது அவர் சாவியைக் கேட்கவில்லை. நேரே தலைமை மருத்துவரின் அறைக்குப் போய், இனி அறுவை சிகிச்சை செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தார். முதுகுவலி என்று எழுதவில்லை. சாயங்காலம் மகளையும் மருமகனையும் உட்காரவைத்துக் கையை மேஜைமேல் நீட்டிக் காட்டினார்.

மறுநாள் காலை மருமகன் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். சொல்லியிருக்கலாமே என்றார். நீங்கள் வண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றார் லிட்டர்காரர். மாதக் கடைசி வந்து போயிற்று, நிறுத்திக்கொள்ளும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஓட்டுநர் அறையில் அவர் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அங்கே இன்னும் இரண்டொருவர் அவரைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. டாக்டரம்மா இப்போது வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கிறார், வாரத்தில் இரண்டு நாள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். எண் பதிமூன்று புள்ளி ஆறுக்கு வந்திருக்கிறது. டேங்க் நிரப்பிய நாளில் டாக்டரம்மா கேட்கிறார், இவர் சொல்கிறார். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை, இடது கைக்கும் வந்துவிட்டது.

காலையில் காரில் ஏறியதும் டாக்டரம்மா சீட் பெல்ட்டை இழுக்கிறார். அதன் நாக்கு பூட்டுக்குள் உடனே போவதில்லை. இரண்டு முறை, மூன்று முறை விளிம்பில் தட்டி விலகுகிறது. லிட்டர்காரர் திரும்புவதில்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியை ஒரு விரலால் நிமிர்த்தி, அதில் கூரை மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.