ரோஜாப்பூ மைக்

சித்தப்பாவின் பாட்டுக் குழுவுக்குப் பெயர் சில்வர் பீச் மெலடிஸ். அதன் சின்னம் ரோஜாப்பூ. கடற்கரைக்கும் ரோஜாவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காத ஆளில்லை. சித்தப்பா இடத்துக்குத் தகுந்தாற்போல் பதில் வைத்திருந்தார். மாதா கோயில் திருவிழாவில் கேட்டால் மாதாவுக்கு உகந்த பூ என்பார். அம்மன் கோயிலில் கேட்டால், "நீங்க மட்டும் ரோஜா மாலை சாத்தலியா?" என்று திருப்பிக் கேட்பார். கல்யாண வீட்டில் சொல்லவே வேண்டாம், கேட்டவர்களே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். உண்மையான பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வெளியில் சொன்னது கிடையாது.

2006இல் நான் ஐந்தாம் வகுப்பு. கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் வாடகை வீடு. தாத்தாவும் ஆயாவும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டதால் வீட்டுக்குப் பெரியவர் அப்பாதான். அவருக்கு அடுத்தவர் சித்தப்பா, கடைக்குட்டி அத்தை. அத்தை ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிக்கொண்டு, மற்ற நேரத்தில் என் தலையில் பேன் பார்த்துக்கொண்டு இருந்தாள். சித்தப்பா கீபோர்டு வாசிப்பார். சிதம்பரத்திலிருந்து டிரம்ஸ் அண்ணன் ஒருவர் பஸ் ஏறி வருவார். கிதாருக்கு அன்றன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர். பாட்டு அத்தை. சினிமாப் பாட்டைச் சினிமாவில் கேட்பது மாதிரியே வாசித்துக் காட்டுவது, அவ்வளவுதான் தொழில். குழுவுக்குப் பெயரெல்லாம் இல்லை. ஊரில் 'கீபோர்டுக்காரர் செட்டு' என்பார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன் அமைந்தபோதுதான் வினை வந்தது. பத்திரிகையில் 'இன்னார் குழுவினரின் இன்னிசை நிகழ்ச்சி' என்று போட வேண்டுமாம். பெண்ணுக்கு அப்பா போன் போட்டு, அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றார். சித்தப்பா திருதிருவென்று விழித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அம்மா தன் பங்குக்குப் புனித அந்தோணியார் பெயரைச் சொன்னாள். அப்படி வைத்தால் எந்தக் காளியம்மன் கோயிலிலும் கூப்பிட மாட்டான் என்றார் டிரம்ஸ் அண்ணன். அவர் சொன்னது தில்லை ராகங்கள். அப்படி வைத்தால் எந்தப் பங்குச் சாமியார் கூப்பிடுவார் என்றாள் அம்மா. இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற பெயராக வேண்டும், அதே சமயம் போஸ்டரில் பார்த்தால் கண்ணில் நிற்க வேண்டும். இடி, மின்னல், புயல் என்று டிரம்ஸ் அண்ணன் அடுக்கிக்கொண்டே போனார். சுனாமி போய் இரண்டு வருஷம்கூட ஆகாத ஊரில் புயலாம், இவருக்கு மூளை எங்கே இருக்கிறது என்று அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்போது சித்தப்பா சொன்னார்: "நாம எங்க போனாலும் ஜனம் என்னா கேக்குது? அந்தப் பொண்ணு வருதாப்பான்னுதான் கேக்குது. என்னையும் ஒன்னையும் எவன்டா கேக்குறான்? அவ பேரையே வச்சிடுவோம்."

அத்தையின் பெயர் ரோஸ்லின். குழுவின் பெயர் ரோஸ்லின் மெலடிஸ் என்று முடிவாயிற்று.

அத்தை, "எம்பேரா? சும்மா கெட" என்றுதான் முதலில் சொன்னாள். முகம் மட்டும் அடங்கவில்லை. பூண்டு உரிக்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் போனதும், "பின்னாடி கட்டுற ஃப்ளெக்ஸ்ல எழுத்து எவ்ளோ பெருசுண்ணா வரும்?" என்று கேட்டாள். சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும் அதையே கேட்டாள். அவர் மறுபடியும் கையை விரித்தார்.

சின்னம் போடுவது அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது. ரோஸ்லின் என்றால் ரோஜாதானே. சித்தப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு மைக் வரைந்தார். மைக்கின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ. ஸ்டாண்டுக் கம்பிதான் தண்டு. கம்பியில் இரண்டு இலை. இலைக்குப் பச்சை அடித்தது நான்தான். உலகத்தில் இப்படியொரு சின்னத்தை யாரும் யோசித்திருக்க முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் எண்ணம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரோஜாவைச் சிவப்பாக்கி, இலையில் இரண்டு பனித்துளியும் சேர்த்துக் கொடுத்தார். டிரம்ஸ் அண்ணன் வெறும் பூவை மட்டும் பெரிய ஸ்டிக்கராக அடித்து வாங்கி, பெரிய டிரம்மின் முகத்தில் அன்றைக்கே ஒட்டிவிட்டார். எதிலும் அவசரம் அந்த மனுஷருக்கு.

அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து தூங்கிவிடுவார், நாங்கள் போட்ட கூத்து எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த அன்று அதைக் கூடத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடம் கொள்ளவில்லை, 'ரோ' மட்டும் வாசலுக்கு வெளியே கிடந்தது. அப்பா தூங்கி எழுந்து வந்தவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நடந்து பார்த்தார்.

சத்தமெல்லாம் போடவில்லை. அப்பாவுக்குச் சத்தம் போடத் தெரியாது. "நாளைக்கு மாப்ள வீட்டுக்காரன் பஸ்ஸ விட்டு எறங்குறான். மொத செவுத்துலயே இவ பேர்தான் இருக்குது. அவன் நம்ம வீட்டுக்கா வருவான்? அடுத்த பஸ்ஸப் புடிச்சிப் போய்க்கினே இருப்பான்" என்றார்.

சித்தப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அத்தை சர்ச்சில் பாடும்போது முன்னால் உட்காராமல் பின்னால் தூணோரம் நின்று கேட்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பாடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அத்தை அதற்குள் ஃப்ளெக்ஸை மடிக்க ஆரம்பித்திருந்தாள். எழுத்து உள்பக்கமாகப் போகும்படி மடித்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்படித்தான் எங்கள் ஊர்க் கடற்கரையின் பெயரில் சில்வர் பீச் மெலடிஸ் பிறந்தது. பெயரை மாற்ற முடிந்தது, டிரம்மில் ஒட்டிய ரோஜாவைப் பிய்த்தால் தோல் கிழிந்துவிடும் என்று டிரம்ஸ் அண்ணன் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். சரி, பூ இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார். சிதம்பரம் கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். மேடையில் கீபோர்டு இன்னார், டிரம்ஸ் இன்னார் என்று பெயர் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொடுத்த அறிவிப்பாளர், அத்தையிடம் வந்ததும், நமது குழுவின் பாடகி என்று நிறுத்திக்கொண்டார். அப்படிச் சொல்லச் சொன்னது சித்தப்பா. அத்தை வணக்கம் வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். சாப்பிடப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எனக்கோ ரோஜாவின் இலைக்குப் பச்சை அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லையே என்ற கவலை.

இரண்டு வருஷம் கழித்துக் காடாம்புலியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நம் சனம்தான், முந்திரித் தோப்புக்காரர்கள். காப்பி கொண்டுவந்த அத்தையைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு மேடையில பாடுமாமே?" என்று கேட்டார். ஆசையாகக் கேட்டாரா, குறையாகக் கேட்டாரா என்று அப்பா பொறுத்திருந்து பார்க்கவில்லை. "அதெல்லாம் இல்லீங்க. சர்ச்ல கூட்டத்தோட கூட்டமா பாடும், அவ்ளோதான். பாட்டுல்லாம் வராது" என்றார். கூடம் நிறைய ஆள், பங்குச் சாமியாரும் உட்கார்ந்திருந்தார். அத்தை தட்டை ஏந்தியபடி நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா 'ஓ' என்றார், காப்பியை எடுத்துக்கொண்டார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் ஒத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிக்கு அத்தை போகவில்லை. அப்புறம் எதற்குமே போகவில்லை.

கல்யாணம் முடிந்து சீர் சாமான்களை டெம்போவில் ஏற்றும்போது தூறல் போட்டது. பீரோ நனைந்துவிடும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அத்தை பட்டுப்புடவையோடு உள்ளே போய்ப் பரணிலிருந்து அந்த ஃப்ளெக்ஸை எடுத்து வந்தாள். எழுத்து உள்ளே போகும்படி பீரோவில் சுற்றி, கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினாள். புதுப்பெண் செய்கிற வேலையா இது என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பாட ஆளில்லாமல் குழு கொஞ்ச காலம் தள்ளாடியது. சித்தப்பா வேறொரு பெண்ணை வைத்துப் பார்த்தார். ஜனம், "முன்னாடி ஒரு பொண்ணு பாடுமே, அது வரலியா?" என்று கேட்டது. "அது பேரென்னா?" என்றும் கேட்டது. பிறகு கீபோர்டு உறை போட்டுப் பீரோவின் மேல் ஏறிக்கொண்டது.

2011 முடிகிற நேரத்தில் தானே புயல் வந்தது. கடலூரில் எங்கள் வீட்டுக்குச் சன்னல் போனதோடு சரி. காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரி மரம் மிச்சமில்லை என்றார்கள். போன் கிடைக்கவில்லை. பொங்கல் கழித்து அப்பா, அம்மா, நான் மூவரும் அரிசி பருப்போடு கிளம்பினோம். பண்ருட்டி தாண்டியதும் வழி நெடுக மரங்கள் வேரோடு கிடந்தன.

அத்தை வீட்டில் சமையலறைக் கூரை மொத்தமும் பறந்திருந்தது. கழிகளை நட்டு ஒரு ஃப்ளெக்ஸைப் போர்த்தி, அதன் கீழே அடுப்பு மூட்டியிருந்தாள். மாமா எங்களைப் பார்த்ததும் அழுதார், தோப்பைப் பற்றிச் சொன்னார். நல்ல மனுஷர். அவ்வளவு அழிவிலும் சட்டைப்பையில் செல்போன் பாட்டு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்துவிட்டார் போல. அழுது ஓய்ந்த பிறகு, வந்தவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எங்களை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார்.

"மச்சான், இத பாருங்க. எங்கியோ பழசு வாங்கி பீரோவுக்குச் சுத்தி உட்ருக்கீங்க, இத்தினி நாளு மடிச்சே கெடந்துது. வெய்யிலுக்கு வெள்ளப் பக்கம் மேல இருக்கட்டும்னு போட்டா, உள்ள நம்ம வீட்டம்மா பேருலயே ஒரு ஆர்க்கெஸ்ட்ரா!"

அண்ணாந்து பார்த்தேன். அடுப்பிலிருந்து அத்தை தலைக்கு மேல் வரை 'ரோஸ்லின்' இருந்தது. சித்தப்பா கையை விரித்துக் காட்டியதைவிடப் பெரிய எழுத்து. மூலையில் ரோஜாப்பூ மைக், என்னுடைய இரண்டு இலை. புகை பட்டு ஒரு இலை கறுத்திருந்தது.

மாமா சிரித்தார். "எங்கம்மா பாடுற பொண்ணாதான் வேணும்னு கெடந்துச்சு. எனக்கும் பாட்டுன்னா உசுரு. கடைசில பாருங்க, ரேடியோ போட்டாலே எழுந்து போற ஆளு வந்து வாச்சிருக்கா. பேரு மட்டும் பாட்டுக்காரி பேரு."

அப்பா எழுத்தைப் பார்த்தபடியே நின்றார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, "மாப்ள, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"டீ ஆறிடும்ணா, குடிங்க" என்றாள் அத்தை. அவர் கையைப் பிடித்து டம்ளரை வைத்தாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை. அப்பா டீயைக் குடித்தார். மாமா செல்போனை அணைத்துவிட்டுக் கடையில் சர்க்கரை கிடைக்குமா என்று பார்க்கப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, அந்த ஃப்ளெக்ஸ் என்னுடையதுதான் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும், அத்தைக்கு வாய் செத்துவிட்டதா என்று அம்மாவிடம் பொரிந்தேன். சும்மா வா என்றாள் அம்மா. அப்பா முன் சீட்டில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்குகிற வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அத்தை புருஷனுக்குப் பயந்துதான் ஊமையாகிவிட்டாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மடத்தனம். அந்த மனுஷரிடம் பயப்பட என்ன இருந்தது? அத்தை பாடியிருந்தால் சந்தோஷத்தில் தெருவையே கூட்டியிருப்பார். ஆனால் அவள் ஒரு அடி பாடினாலும், சாமியாரை வைத்துக்கொண்டு கூடம் நிறைந்த சபையில் அண்ணன் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தப் பக்கம் அண்ணனுக்கு இருந்த மரியாதை போய்விடும். அதற்காகத்தான் ரேடியோ பாடினாலும் எழுந்து போனாள், உட்கார்ந்திருந்தால் கூடவே பாடிவிடுவோமோ என்று. இது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. டீயைக் கையில் வாங்கியபோதே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.