தேத்தண்ணியில் போன மாத்திரை

போன வாரம் தலவாக்கலையில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் திருப்பியது. வணக்கம் கிடையாது, சுகமா என்ற விசாரிப்பும் கிடையாது... கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது.

"ரத்தம் பரவால்ல. இப்பவாச்சும் ஒழுங்காச் சாப்புடுறியே."

எங்கள் தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்! பென்ஷனில் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது — கை மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூத்தவள் என் வயிற்றில் இருந்த காலம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மாமியார் வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறித்தேன். எப்போது கிளினிக்குக்குப் போனாலும் ரத்தம் குறைவு என்றார்கள். "இப்பிடியே போனா பிரசவத்துல தாங்க மாட்ட புள்ள" என்றார் மிஸ். பயத்தில் தூக்கமே போயிற்று. இத்தனைக்கும் அவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை.

மிஸ் திட்டவில்லை. ஒரு சாயங்காலம் மழையில் நனைந்தபடி மலையேறி வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்தார்.

"எப்பயும் போல மாத்திரையப் போடு, பாப்போம்."

மாமியார் பாசமாக ஒரு கோப்பை தேத்தண்ணி நீட்டினார், நல்ல தேயிலைச் சாயம். மாத்திரையை வாயில் போட்டு மடக்கென்று குடித்தேன். வேறு எதில் விழுங்குவதாம்? எங்கள் லயத்தில் தலைவலிக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான்.

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி மகளே... தேத்தண்ணி அந்த மாத்திரைய ஒடம்புல சேர விடாதுடி."

மாமியாரின் முகம் வாடிவிட்டது. மிஸ் அதையும் கவனித்தார்.

"நீங்க என்னா செய்வீங்க அக்கா, நானும் இதச் சொல்லாம விட்டுட்டேன். இனிமே மாத்திரைக்குத் தண்ணி குடுங்க. தேத்தண்ணி ரொம்ப நேரம் கழிச்சு. ஒங்க மருமக, ஒங்க பொறுப்பு."

அவ்வளவுதான். மாமியார் தேத்தண்ணிக் கேத்தலுக்குக் காவல் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள்கூட "தண்ணியிலதானே போட்ட?" என்று விசாரித்தார்கள். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லையே என்று ஏங்குகிறேன்.

கிளினிக்கில் கேட்டால் மாத்திரை போடுகிறேன் என்றுதானே சொல்வோம்? எதோடு போடுகிறோம் என்பது வீடு தேடி வருகிறவருக்குத்தான் தெரியும்.

ரத்தம் ஏறியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். வீடு திரும்பிய அன்று லயமே எங்கள் காம்பராவுக்குள் நின்றது. குழந்தை கைமாறிக்கொண்டே இருந்தது. மிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ளயப் பாருங்க மிஸ்" என்றேன்.

"அதப் பாக்கத்தான் இத்தன பேரு இருக்காங்களே. நான் ஒன்னப் பாக்க வந்தேன்."