பிள்ளைக்காம்பராவில் பதின்மூன்றாம் நாள்

நிதுஷனின் நெற்றி சில்லென்று இருந்தது. அதுதான் மீனம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விடாத தூறலில் நடந்து வந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் எப்படி வேர்க்கும்?

"காலையில என்ன குடுத்த?"

"தேத்தண்ணிதான்க்கா" என்று அவன் அம்மா ஜீவராணி முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடினாள்.

மீனம்மா அந்தத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவின் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இறம்பொடைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து, பதினோரு வருஷம் அவளும் கொழுந்து பறித்தாள். முழங்கால் விட்டுப்போனபிறகு பயிற்சிக்குப் போய் இந்த வேலையை வாங்கினாள். வந்து இருபத்துமூன்று வருஷமாகியும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவளுக்குப் பெயர் 'இறம்பொடைக்காரி'தான். புருஷன் அழகுமுத்து கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருந்தான். மேல்பிரிவை மூடியதிலிருந்து அவன் அங்கே, இவள் இங்கே.

கொரோனாவின் இரண்டாவது வருஷம் அது. மேல்பிரிவில் நாலு பேருக்கு நோய் கண்டதும் யாரும் வெளியே போகாதபடி சந்தியில் கயிறு கட்டினார்கள். புது நோயாளி இல்லாமல் பதினான்கு நாள் போனால் கயிறு அவிழும் என்றார் சுகாதாரப் பரிசோதகர். ஒன்பதாம் நாள் மூன்றாம் லயத்தில் ஒரு கிழவருக்குக் காய்ச்சல். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். இன்று பன்னிரண்டு.

பத்து மணிக்கு நிதுஷனின் உடம்பு கொதித்தது. காலையில் தாய் கொடுத்துவிட்ட பனடோல் காய்ச்சல் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது என்று மீனம்மாவுக்குப் புரிந்தது. பாயின் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு சுருண்டு கிடந்தான். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு ஜீவராணி வந்தாள்.

"என்கிட்டயே பொய் சொல்றியா ஜீவராணி?"

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன். இன்னும் ரெண்டே நாளு. திங்கக்கிழமை இவரு கடைக்குப் போகலன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. சளிதான்க்கா. நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும்."

அவள் புருஷன் தனுஷனுக்குக் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கயிற்றுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு மூன்று கிழமை ஆகிறது. மீனம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஜீவராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் வேறு பேச்சே இல்லை. டிவியில் டாக்டர்மார் இன்னும் இரண்டு கிழமை மூட வேண்டும் என்கிறார்கள், கடைக்காரர்கள் போதும் என்கிறார்கள். பீலிக்கரையிலும் அதே சண்டைதான்.

"தொறந்தா எல்லாம் டவுனுக்கு ஓடுவீங்க, நோய வாங்கிட்டு வருவீங்க. இன்னும் ஒரு கிழமை பொறுத்தா என்ன?" என்றாள் ஒருத்தி.

"பொறுக்கலாமே! கொழுந்து லொறி தெனமும் போகுது, வருது. அதுக்குக் கயிறு இல்லியே?" என்றான் தனுஷன். "கொழுந்துக்கு கொரோனா வராது. கொழுந்து பறிக்கிறவனுக்குத்தான் வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டில் பேர் கூப்பிடும் கங்காணி சின்னத்தம்பி கையைத் தட்டிச் சிரித்து, அதிலேயே இருமினார்.

"நல்லா சொன்னடா தம்பி. மலைய மூட மாட்டானுங்க, நம்மளத்தான் மூடுவானுங்க. ஒம்பதாம் நாளு அந்த சுகாதார ஐயா நேரா கெழவன் வீட்டுக் கதவத் தட்டினாரே, யாரு சொன்னா? நமக்குள்ளயே போன் போட்டுக் காட்டிக்குடுக்கிற ஆளு இருக்கு."

சிரிப்பு நின்றது. அந்த ஒன்பதாம் நாள், போனுக்கு சிக்னல் கிடைக்கும் வளைவில் மீனம்மா நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள். அவள் பேசியது அழகுமுத்துவோடு. அதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சின்னத்தம்பியின் இருமல் பின்னால் கேட்டது. இவருக்கு இது எத்தனை நாளாக, என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை பிள்ளைக்காம்பராவைக் கூட்டி, பாய் விரித்து, திரிபோஷா சத்துமாவில் உருண்டை பிடித்து வைத்தாள். ஏழு மணி ஆனது. எட்டும் ஆனது. ஒரு பிள்ளையும் வரவில்லை.

பெண்கள் எல்லாரும் மலையில்தான் நின்றார்கள். வராமல் நின்றால் நோய் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், இடுப்பு வலிக்காரிகள்கூடப் பெரட்டுக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகளை மட்டும் பெரிய பிள்ளைகளிடம் விட்டு, லயத்தில் தங்கள் காம்பராக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். தன் கை எந்த நெற்றியிலும் படக்கூடாது என்றுதான் இது என்று மீனம்மாவுக்கு விளங்கியது. வெறும் பாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்குப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மறுநாள் கயிறு அவிழ்க்குமுன் ஒருதடவை பார்த்துப்போக வந்தவர், நேரே பெரட்டுக்களத்திலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"லமயி கோ?" என்றார் சிங்களத்தில். பிறகு தமிழில், "பிள்ளைங்க எங்கம்மா?"

"பயந்துகிட்டு வீட்டுல வச்சிருக்காங்க ஐயா."

"அம்மாமார் எல்லாம் வேலைக்கி வந்தது. ஒரு ஆள் குறைவு இல்ல. வீட்டுல யார் பாக்குறது?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டு லயத்தை நோக்கி நடந்தார்.

இதுவரை அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அப்படிச் சத்தியம் பண்ணலாம். ஆனால் நேற்று நிதுஷன் மூச்சு வாங்கிய விதம் கண்ணுக்குள் நின்றது. அவர் முதல் லயத்தில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி முடிக்க மத்தியானமாகிவிடும்.

"ஐயா, நில்லுங்க" என்று கூப்பிட்டாள். "நானே காட்டுறேன்."

கடைசி லயத்தின் நாலாவது காம்பராக் கதவை அவளே தட்டினாள். திறந்த தனுஷன் முதலில் அவளைப் பார்த்தான், பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்தான்.

"அப்ப நீங்கதான்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

கட்டிலில் நிதுஷனின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டன. பரிசோதகர் அங்கேயே நின்று ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். மலையிலிருந்து ஓடி வந்த ஜீவராணி மீனம்மாவைத் தாண்டித்தான் ஆம்புலன்சில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மேல்பிரிவு முழுவதற்கும் பரிசோதனை செய்தார்கள். நிதுஷனுக்குக் கொரோனா இல்லை. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகியிருந்தது. கொரோனா இருந்தது கங்காணி சின்னத்தம்பிக்கு. ஒவ்வொரு காலையும் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று பேர் கூப்பிட்டவர் அவர்தான். கயிறு இன்னும் பதினான்கு நாளைக்கு இறுகியது. திங்கட்கிழமை கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். மலையில் வேலை மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

சின்னத்தம்பியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "இறம்பொடைக்காரி பார்த்த வேலை" என்றுதான் சொன்னார்கள். மீனம்மா யாரிடமும் மறுத்துப் பேசப் போகவில்லை. முதல் தடவை காட்டிக்கொடுத்தது அவள் இல்லை. ஆனால் இரண்டாம் தடவை கதவைத் தட்டியது அவள்தானே. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க அவளுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள் பிள்ளையோடு திரும்பி வந்த ஜீவராணி, அதற்கடுத்த நாள் காலை பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். பிள்ளை தோளில் தூங்கினான்.

"டாக்டர் இன்னும் ஒருநாள் போயிருந்தா கஷ்டம்னு சொன்னாரு" என்றாள் ஜீவராணி. "ஆனா வேலை போச்சு. இவரு உங்க பேரச் சொன்னாலே கத்துறாரு. எனக்கும் மனசு ஆறலக்கா. உங்கள நம்பவும் முடியல. ஆனா வேலைக்கிப் போகணுமே, புள்ளைய வேற யாருகிட்ட விடுவேன்?"

மீனம்மா பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டாள். மருந்துத் துண்டைக் கேட்டு வாங்கி, எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள்.