துவரம்பருப்பு அளவு இதயம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு, செத்துப்போன நாத்தனார் விட்டுச் சென்றது இரண்டு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. மிச்ச எழுத்தை ஆர்.கே.பேட்டை பஸ்களின் பலகையைப் பார்த்துக் கற்றேன். என் எழுத்து மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் நெஞ்சை அடைத்தது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சரிசெய்ய வேண்டும், இதயத்தில் ஒரு பக்கம் செத்துத் தழும்பாகிவிட்டது, அது இனி வளராது என்றார் டாக்டர்.

பெரிய மகன் திருத்தணிக்குத் திரும்பி மலையேறினான். உடம்பில் எங்கே நோவோ அந்த உருவை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். கண் இருந்ததாம், கை கால் இருந்ததாம், இதயம் மட்டும் எந்தக் கடையிலும் இல்லையாம். கடைசியில் ஒரு முழு ஆளையே வாங்கிப் போட்டுவிட்டு வந்தான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம், ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் காகிதத்தோடு என் கட்டிலருகே வந்தாள். ஆபரேஷனில் குழாய் செருகுவதற்காக இதயத்தின் ஓரத்தில் துவரம்பருப்பு அளவு சதையை எப்படியும் வெட்டுவார்களாம். வீணாகப் போகிற அதைத் தரச் சம்மதமா என்று கேட்டாள்.

மகனுக்குப் பிடிக்கவில்லை. "நைனா முழுசாத்தான் போனாரு. நீ துண்டு துண்டாப் போவப்போறியா?" என்றான்.

"எனுக்கு விழுந்த பல்லையெல்லாம் நீ சேத்தா வச்சிக்கினு கீற?" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினார். நான் தள்ளிவிட்டேன். கையெழுத்து எனக்குத் தெரியும். ஆனால் படிக்காத காகிதத்தில் போடமாட்டேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது வரியில் 'ஏற்பி' என்று ஒரு சொல். படித்துவிட்டேன், பொருள்தான் தெரியவில்லை. கேட்டேன்.

பிறக்கும்போதே நம் உடம்பின் அணுக்களில் இருக்கும் காவல் அது என்றாள். கிருமி நுழைந்தாலும், பக்கத்து அணு செத்தாலும், யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிந்துவிடுமாம். உடனே குரல் கொடுக்குமாம். அந்தக் குரல் கேட்டு இதயத்தில் புதுச் சதை வளர்க்கிற அணுக்கள் எழுகின்றனவா, இல்லை தழும்புதான் கட்டுகிறதா என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்களாம்.

"பவர்லூம்ல குறுக்கே ஓடுற ஊடை நூல் அறுந்தா தறியை நிறுத்துமே ஒரு சின்ன முள்ளு, அதுமாரியா?" என்றேன்.

அவள் தறியைப் பார்த்ததில்லை. நான் சொன்னேன். அந்த முள் வேலை செய்யாவிட்டால் துணி ஓட்டையாக ஓடும். சும்மா சும்மா விழுந்தாலோ நாள் முழுக்க ஒரு முழம் நெய்ய முடியாது. இதயத்திலும் அப்படித்தான், குரல் அளவு மீறினால் கெடுதல் என்று அவள் சொல்லி, நான் சொன்னதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். தறிக் கூடத்தில் எனக்குப் பின்னால் தறி ஓட்டிக்கொண்டு நின்றவர் சரிந்தார். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவர் விழுந்த பிறகும் அவர் தறி ஓடிக்கொண்டே இருந்தது. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவில் நூல் தீர்ந்ததும் அந்த முள் விழுந்து தறி நின்றது. ஒரு தறியின் சத்தம் குறைகிறதே என்றுதான் நான் திரும்பினேன். தறிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

"இதால எனுக்கு இன்னா நல்லது நடக்கும் கண்ணு?"

"உங்களுக்கு ஒண்ணும் நடக்காது பாட்டி. வேற யாருக்காவது நடக்குமான்னும் இப்போ சொல்ல முடியாது."

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பேனாவைக் கேட்டேன். மகன் ஜன்னலிலிருந்து வந்து, காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டான். "போடும்மா" என்றான். ஒரு எழுத்தும் விடாமல் என் பெயரை எழுதினேன்.

இப்போது பஸ்ஸில் மலைக்குப் போய், கடைசிப் படிகளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது அவளைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், என்னுடையது என்ன ஆயிற்று என்று.

"பேரை எடுத்துட்டு நம்பர் போட்டுடுவோம் பாட்டி. எது உங்களுதுன்னு எனக்கே தெரியாது. ஆனா அந்த வாரம் வந்தது எல்லாமே லேப்ல தட்டுல வளர்ந்துது."

துடித்ததா என்று கேட்டேன். துடிக்கவில்லை, வளர்ந்தது என்றாள். அவர்கள் தேடுகிற கேள்விக்கு விடை இன்னும் வரவில்லையாம். வரட்டும், மெதுவாக.

இதை எழுத நாலு நாள் ஆனது. நோட்டைப் பெரிய மகன் வழிப் பேத்தியிடம் சத்தமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். படிம்மா, நான் எழுதின மாரியே படி. தறி நிக்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி. உங்கப்பனும் உள்ளதான் கேட்டுக்கினு கீறான்.