ஐம்பத்து மூன்று வெள்ளைக் கல்

மக்லோவியோவின் குடும்பத்துக்குத் திபூர்சியோ நாலாயிரம் பேசோ கடன்பட்டிருந்தார். இருபத்தெட்டு வருஷக் கடன். மக்லோவியோவின் மகனுக்கு ஞானத்தகப்பனாய் நின்றவர் அவர். அப்படி நின்றவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், பெண்ணானால் கொமாத்ரே. கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேலான உறவு அது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் திபூர்சியோ. யார் தயவும் இல்லாமல் தீவனக் கடை, லாரி, இருநூறு ஆடு என்று எழுந்து நின்றார். லாஸ் தாபியாஸில் அவரிடம் கை நீட்டாத வீடு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கடனா என்று ஊரே சிரிக்கும். லாரிக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

குன்றிலிருந்து வந்தது. அங்கே சுண்ணாம்புச் சரிவில் மண்ணோடு மண்ணாய்ப் பதுங்கிக் கிடக்கும் கள்ளிக்குச் சௌத்தே என்று பேர். முள் கிடையாது, பார்வைக்குக் கல்தான். அக்டோபர் கடைசியில் சில நாள் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உள்ளங்கை அளவு வளர இருபது வருஷம் ஆகும். அதை ஒரு வெளிநாட்டுக்காரன் செடிக்கு இருபது பேசோ என்று கேட்டான். மக்லோவியோ தோண்டினார், திபூர்சியோ விலை பேசினார். நானூறு செடி, எட்டாயிரம், ஆளுக்குப் பாதி.

கிழட்டுச் செடிகளை மட்டும் மக்லோவியோ தொடமாட்டார். ஆற்றிலிருந்து சுமந்து வந்த வெள்ளைக் கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

"தாயை விட்டுரு கொம்பாத்ரே. இதோட விதை பறந்து போகாது. தாய் மடியிலயே விழுந்துதான் முளைக்கும்."

பணம் வரும் முன்னே நெஞ்சுச் சளி மக்லோவியோவைக் கொண்டுபோய்விட்டது. நானூறையும் வாங்கிக்கொண்ட வெளிநாட்டுக்காரன், பெரிய செடி இருந்தால் அறுபது தருகிறேன் என்றான். மறுநாள் திபூர்சியோ தனியாகக் குன்றேறினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளம் இருந்தது.

"ஏமாத்திட்டுப் போயிட்டான் கொமாத்ரே, ஒத்தைப் பேசோ தரல," என்றார் மக்லோவியோவின் விதவை பசீலியாவிடம்.

அவள் பணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. வருஷா வருஷம் இறந்தோர் நாள் நெருங்கும்போது ஒன்றே ஒன்று கேட்பாள். முழங்கால் போனவள், குன்றேற முடியாது.

"அவர் கல்லு வெச்சதெல்லாம் பூத்திருக்கா?"

"பூக்காம? கண்ணு கூசுது கொமாத்ரே."

"அவர் படத்துக்கு வைக்க ஒண்ணு பறிச்சுட்டு வரக்கூடாதா?"

"பறிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான். என்னைப் புடிச்சு உள்ள வெச்சா உனக்குச் சந்தோஷமா?"

சட்டம் இருந்தது நிஜம். அவருக்கு அது தோதாகவும் இருந்தது.

இந்த வருஷம் செடிகளைக் கணக்கெடுக்க மிரெயா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள்.

"திபூர்சியோ ஐயா, இது உலகத்துலயே மூணு குன்றுலதான் இருந்துச்சு. மத்த ரெண்டுலயும் தேடிட்டோம், ஒண்ணுகூட இல்ல. உங்க குன்றுதான் மிச்சம்."

"அப்ப சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கே பொண்ணே. என் கண்ணைக் கட்டிவிடு, காலால தடவியே காட்டறேன்."

வெறும் ஜம்பம் இல்லை. இத்தனை வருஷத்தில் எங்கேயாவது நாலு முளைத்திருக்கும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் ஏறினார். பூக்கும் பருவத்தில் மூன்று நாள் தேடினார்கள். கடைசி நாள் குப்புறப் படுத்து, கல் இடுக்குகளை விரலால் துழாவினார். ஒரு பூ இல்லை.

"இந்த வெள்ளைக் கல்லெல்லாம் என்ன? இந்தக் குன்றோட கல்லே இல்லையே. ஐம்பத்து மூணு எண்ணிட்டேன்."

"ஆடு மேய்க்கிறவனுங்க வேலை," என்றார் திபூர்சியோ.

மிரெயா தாளில் 'இல்லை' என்று எழுதினாள். "எங்கேயாவது வெளிநாட்டுல யாரோ வீட்டுத் தொட்டியில இருக்கலாம். மண்ணுல இல்ல. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துல படிச்சுச் சொல்லிடறேன்."

ஊர்க்கூட்டத்துக்குப் பசீலியா வராமல் இருக்கமாட்டாள். சனிக்கிழமையே திபூர்சியோ அவள் வீட்டுக்குப் போனார். மக்லோவியோவின் படத்தைச் சுற்றித் துலுக்கச் சாமந்தி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனுஷர் வழி தவறி வந்துட்டீங்களா? உக்காருங்க கொம்பாத்ரே, பட்டை போட்டுக் காப்பி வெச்சிருக்கேன்."

அவர் உட்காரவில்லை. "கையை நீட்டு கொமாத்ரே."

ஐந்நூறு பேசோ நோட்டு எட்டை எண்ணி வைத்தார். "அந்த வெளிநாட்டுக்காரன் தந்தான். அன்னைக்கே."

"தெரியும். உங்க லாரி வந்தன்னைக்கே தெரியும்." அவள் லேசாகச் சிரித்தாள். "அன்னைக்கு இதுல பதினாறு ஆடு வாங்கியிருப்பேன். இன்னைக்கு ரெண்டு. உங்ககிட்ட வாங்கினா ஒண்ணு, அதுவும் நொண்டி."

கையை மூடப் போனாள்.

"மூடாதே," என்றார். மேலும் ஆறு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது.

"இது எதுக்கு?"

"ஐம்பத்து மூணு. ஒண்ணுக்கு அறுபது."

அவள் வாய் அசைந்தது. அறுபதை அவள் பெருக்கவில்லை, ஐம்பத்து மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "கல்லு இருக்கா?"

"கல்லு இருக்கு."

பசீலியா படத்தின் பக்கம் திரும்பினாள். "வருஷா வருஷம் இவர்கிட்ட சொன்னேனே கொம்பாத்ரே, எல்லாம் பூத்திருக்குன்னு."

முப்பது பேசோ பாக்கி இருந்தது. திபூர்சியோ பையைத் துழாவிப் பத்துப் பேசோ நாணயம் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றாக, மூடாத அந்தக் கையில் வைத்தார்.