மண்வெட்டி படாத மூலை

டிராக்டர் அந்த மூலையை நெருங்கும்போதே நஞ்சப்பனின் கை தன்னால் கலப்பையைத் தூக்கிவிடும். அரை வட்டம் அடித்துத் திரும்பி, தள்ளிப் போய் மறுபடி இறக்குவார். ஏழெட்டு சென்ட் கரிசல் மண், எருக்கு மண்டிச் சும்மா கிடந்தது. ஒரு முழ வரப்புக்காகப் பக்கத்துக் காட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்த மனிதர் இவர். இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டால், "அங்கெ மண்ணு சொகமில்லீங்க" என்பார். மண்ணுக்கென்ன காய்ச்சலா என்று அவர் மனைவி முத்தாத்தாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

வாளையாருக்குத் தெற்கே, எருத்தேம்பதிப் பக்கம், தென்னையும் நிலக்கடலையும் வைத்திருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. கிருஷி பவன் என்கிற கேரள விவசாய ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், மாட்டிடம் இரண்டிலும் சேராத ஒரு பாஷை. தும்மினால் மூன்றாவது காட்டுக்குக் கேட்கும். மற்றபடி அதிர்ந்து பேசாதவர்.

அந்த மூலைக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய இளவயதில் ஒரு சாயங்காலம், அண்ணன் ஆறுச்சாமி தன் பாகத்தை விற்று லாரி வாங்கப் போவதாகச் சொன்னார். தகப்பனார், அவர்கள் வாயில் அய்யன், கொடுவாளைத் தூக்கிவிட்டார். "மண்ண வித்தீன்னா உன்னய வெட்டி இந்த மண்ணுலயே பொதச்சுப் போடுவேன்!" விடிந்தபோது அண்ணனைக் காணோம். அய்யன் மட்டும் முழங்கால்வரை மண்ணோடு, எப்போதும் உதட்டிலிருக்கும் பீடி அணைந்துகிடக்க, அந்த மூலையில் ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "இங்கெ மம்பட்டி வெக்கப்படாது. நாஞ் செத்தாலும் வெக்கப்படாது" என்றார். மகன் கேட்கவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. அய்யனின் சிதைக்குத் தீ வைத்த அன்றைக்குக்கூட நஞ்சப்பனுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

போன வருஷம் போர்வெல் வற்றியது. பண்ணைக்குட்டைக்கு மானியம் தருகிறோம் என்று கிருஷி பவன்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். மழைத் தண்ணீர் தானாக வந்து சேரும் பள்ளம் அந்த மூலைதான். நஞ்சப்பன் மேட்டைக் காட்டினார். மேட்டில் யாராவது குட்டை வெட்டுவார்களா? "நீங்க செத்த சும்மா இருங்க" என்று முத்தாத்தாள் ஒரே அதட்டில் விஷயத்தை முடித்துவிட்டார். ஜேசிபி வந்து இறங்கியது. சற்று நேரத்தில் வாளி மண்ணோடு ஒரு தொடையெலும்பும் மேலே வந்தது.

போலீஸ் வந்து கயிறு கட்டியது. டீக்கடையில் ஆறுச்சாமியின் பெயர் மறுபடி அடிபட்டது. அண்ணன் செத்துப்போனதைக்கூட நஞ்சப்பன் தாங்கிக்கொண்டிருப்பார். கொன்றது அய்யன் என்று ஊரே பேசப்போவதைத்தான் தாங்க முடியவில்லை. போலீஸ் டாக்டர் எலும்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பழைய சமாச்சாரம் என்று கைகழுவினார். நஞ்சப்பனோ அதை நம்பவில்லை. முப்பத்தைந்து வருஷமும் பழசுதானே!

அப்புறம் பல்கலைக்கழகத்திலிருந்து, தொல்லியல் சொல்லித்தரும் ஷீனா டீச்சர் பிரஷ்ஷும் சல்லடையுமாக மாணவர்களோடு வந்தார். தோண்டத் தோண்ட ஒன்றுக்கு ஒன்பதாக எலும்புக்கூடுகள். வரிசையாக, தலை ஒரே பக்கம் வைத்து அடக்கம் செய்யப்பட்ட ஆண்கள். வெட்டுமில்லை, குண்டுமில்லை. பக்கத்திலேயே மாட்டெலும்பு, லாடம், கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை போட்ட செப்புக்காசு. பாலக்காட்டுக் கோட்டையைப் பிடிக்கக் கம்பெனிப் படை இந்தக் கணவாய் வழியாக வந்தபோது, பீரங்கி வண்டியை இழுக்க மாட்டோடு சேர்த்து ஓட்டிவரப்பட்டவர்களாக இருக்கலாம், காய்ச்சலோ பேதியோ கொண்டுபோயிருக்கும் என்றார் டீச்சர். "புஸ்தகத்தில கேப்டனுண்டு, பீரங்கியுண்டு, கோட்டையுண்டு. மாட்டுக்காரன் மட்டும் இல்ல, சேட்டா."

"எத்தன வருசமிருக்குமுங்க?"

"இருநூறுக்கு மேல."

"நெசமாலுமுங்களா? முப்பது, முப்பத்தஞ்சுன்னு இருக்காதுங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "கம்பெனிக் காசை முப்பது வருஷம் முன்ன யாரு கொண்டுவந்து போடும்?"

அடுத்த நாளும் இதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். சரித்திரத்தில் இவ்வளவு ஆர்வமுள்ள விவசாயியைத் தான் பார்த்ததே இல்லை என்று டீச்சர் மாணவர்களிடம் மெச்சிக்கொண்டார்.

கடைசியில் அவரே நஞ்சப்பனைக் குழிக்குள் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். கரிசலுக்கு நடுவே வேறு நிறத்தில் ஒரு வட்டம், மேலிருந்து பாதி ஆழம்வரை. அதற்குள் யூரியாச் சாக்கின் கிழிசல் ஒன்று. "இது நம்ம காலத்துக் குழி. யாரோ தென்னை வைக்க வெட்டியிருக்காங்க. எலும்பைக் கண்டதும் பேடிச்சு மூடிட்டாங்க. கீழ ஒண்ணும் கலையல."

பயந்துபோய் மூடியிருக்கிறார் அய்யன். அவ்வளவுதான் விஷயம். கொடுவாளைத் தூக்கிய ராத்திரி தூக்கம் பிடிக்காமல், விடியுமுன்னே தென்னங்குழி வெட்டப் போய், மண்டையோட்டைப் பார்த்து அரண்ட மனிதர். நஞ்சப்பன் குழிக்குள் நின்றபடியே வாய்விட்டு அழுதார். மேலேறி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். முத்தாத்தாள் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மம்பட்டி எடுத்துத் தோண்டிப் பாத்திருப்பனே!"

இப்போது நஞ்சப்பனுக்கு ஒரு புதுப்பழக்கம். வாளையார்ப் பக்கம் போனால் செக்போஸ்டில் நிற்கும் லாரிகளில் வயதான டிரைவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். "எங்கண்ணன் எங்கியோ ஓட்டீட்டுத்தானுங்க இருக்கும்" என்கிறார். குட்டையைத் தள்ளி வெட்டியாயிற்று. கொஞ்சம் மேடுதான், பரவாயில்லை. டீச்சரின் ஆட்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "நம்மளாட்டக் குடியானவனுங்க. மாட்டோட மாடா ஓட்டியாந்து நடுக்காட்டுல உட்டுட்டுப் போயிட்டான் பாருங்க" என்று அவர் கொதிப்பதைக் கேட்டால், கம்பெனிப் படை போன வாரம்தான் இந்த வழியே போனது போலிருக்கும்.

புரட்டாசி அமாவாசைக்கு முத்தாத்தாள் மாமனார் படத்துக்கு முன்னால் இலை போட்டார். மாட்டுக்காரர்களுக்கென்று பக்கத்தில் இன்னொரு இலை. இத்தனை வருஷமும் எட்ட நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும் நஞ்சப்பன், இந்தத் தடவை படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்துப் பிரித்தார். பிறந்ததிலிருந்து பீடியைத் தொடாதவர், ஒன்றை உதட்டில் வைத்துப் பற்றவைத்து, இழுத்து, கண்ணில் நீர் முட்ட இருமி, வாய் வைக்கிற முனை அய்யன் பக்கம் இருக்கும்படி திருப்பி, இலை ஓரத்தில் வைத்தார்.